பெர்மெத்தோட செவ்வாய்க்கிழமைகள்

சொல்றேன் மேடம். இருக்கற வேலையை எதுக்கு விடணும்னு நினைக்கறீங்கன்னுதானே கேட்டீங்க. இந்தக் கேள்விக்கு வேன்ல வரும்போதே ஒரு பதில் தயார் பண்ணி வச்சிருந்தேன். புது மெஷின்ல வேலை பழகணும், முன்னுக்கு வரணும், அப்படி இப்படின்னு. எங்க ஊர் தோக்மோக்லேந்து பிஷ்கெக் வந்து சேர்ற வரைக்கும் அதையே மனசுக்குள்ள சொல்லிக்கிட்டு வந்தேன். இப்ப உங்க எதிர்ல உக்காந்தா அது வாயில வர மாட்டேங்குது.

உண்மை என்னன்னா, பதினேழு வருஷத்துல ஒரு நாள்கூட அந்தப் பால் ஃபேக்டரியை விடணும்னு எனக்குத் தோணினதில்ல. காலையில பால் வண்டி வரும். வண்டிக்கு ஒரு பாட்டில் எடுப்போம். கொழுப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, தண்ணி கலந்திருக்கா, மாட்டுக்குப் போட்ட ஊசி மருந்து பால்ல எறங்கியிருக்கான்னு பாத்து ரெஜிஸ்டர்ல எழுதுவோம். பால் சரியில்லன்னா டிரைவர் நின்னு திட்டுவான், நாங்களும் திருப்பித் திட்டுவோம். அவ்வளவுதான். எனக்கு அது போதும்னுதான் இருந்தேன். என் பக்கத்துல நின்னு அதே வேலையைச் செஞ்ச ஒருத்தி, அது போதாதுன்னு நினைக்கறான்னு தெரியற வரைக்கும்.

பெர்மெத்னு பேரு.

ஆமா, அதே பெர்மெத்தான். ஏப்ரல்ல உங்ககிட்ட இன்டர்வியூக்கு வந்தாளே, அவதான். இருங்க மேடம், அவளை ஏன் எடுக்கலன்னு நீங்க எனக்கு விளக்கம் சொல்ல வேணாம், நான் அதைக் கேக்கறதுக்கு வரல. நீங்க கேட்டதுக்குத்தான் பதில் சொல்றேன். கொஞ்சம் சுத்தி வரும், அவ்வளவுதான். உங்களுக்கு நேரம் இருக்கு இல்ல? சரி.

எங்க லேப்ல மூணு பேர். தலைமை ஷாயிர்குல் அம்மா, அப்புறம் நான், அப்புறம் பெர்மெத். ஷாயிர்குல் அம்மா பாதி நாள் மாட்டுப் பண்ணைகளைப் பாக்கப் போயிடுவாங்க. ஆக நாங்க ரெண்டு பேர்தான், ஆறு வருஷமா. எனக்கு நாப்பத்தொண்ணு, அவளுக்கு முப்பத்தஞ்சு. அவ புருஷன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனவன், அங்கயே இன்னொருத்தியைக் கட்டிக்கிட்டான். ஒரு பொண்ணு, ஏழாவது படிக்கிறா. எனக்கும் அவளுக்கும் ஒரே கெட்டில்ல டீ. நான் மாவுல போர்சோக் பொரிச்சு எடுத்துட்டு வருவேன், அவ வீட்டுல போட்ட ஆப்ரிகாட் ஜாம் கொண்டு வருவா. புருஷன் விட்டுட்டுப் போன கதையை முதல்ல சொன்னது அவ அம்மாகிட்ட இல்ல, என்கிட்ட. ஒரு ஜோடி காலுறை வாங்கினாக்கூட அக்கா, இந்தக் கலர் எனக்கு நல்லாருக்கான்னு காட்டிட்டுத்தான் போடுவா. அப்படி இருந்தோம்.

மார்ச் மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை. அக்கா, பல்லு வலி தாங்கல, பிஷ்கெக்ல ஒரு டாக்டரம்மா நல்லாப் பாக்கறாங்களாம், மத்தியானம் வரைக்கும் சமாளிச்சுக்கறீங்களான்னா. போயிட்டு வாடின்னேன். அடுத்த செவ்வாயும் பல்லு. அதுக்கு அடுத்த செவ்வாய் பொண்ணோட பள்ளிக்கூடத்துல டீச்சர் கூப்பிட்டிருக்காங்க. அப்புறம் கெமின் ஊர்ல இருக்கற சித்திக்கு உடம்பு சரியில்ல. ஷாயிர்குல் அம்மா கேட்டா நான்தான் பதில் சொல்வேன். பல்லுல வேர் வரைக்கும் சீழ் வச்சிருச்சாம்மா, பாவம், ராத்திரியெல்லாம் தூங்கலையாம் அப்படின்னு, அவ சொல்லாததையும் சேத்துச் சொல்வேன். அவ பாட்டிலையும் நானே பாப்பேன். ஒரு தடவை ரெண்டு வண்டி ஒண்ணா வந்து நின்னு, எனக்குக் கை ரெண்டும் பத்தல. அப்பவும் அவளைக் காட்டிக் கொடுக்கல.

சந்தேகம் எப்ப வந்துச்சுன்னா, பல்லைப் பிடுங்கிட்டு வந்தேன்னு சொன்னவ மறுநாள் என் பக்கத்துல உக்காந்து குருத் உருண்டையைக் கடக்கு கடக்குன்னு கடிச்சுத் தின்னுக்கிட்டிருந்தா. உப்புத் தயிரை உருட்டிக் கல்லு மாதிரி காய வச்சது. நல்ல பல்லு இருக்கறவங்களே வாயில ஊற வச்சுத்தான் திம்போம். நான் அவ தாடையையே பாத்தேன். அவ பாக்கல.

முதல்ல ஆம்பிளை விஷயம்னுதான் நினைச்சேன்.

சிரிக்கறீங்க. வேற என்ன நினைப்பேன்? அந்த ஆளை நான் மனசுக்குள்ள முழுசா செஞ்சே வச்சிருந்தேன். சாம்பல் கலர் கார். லேசா நரைச்ச மீசை. கதவைத் தொறந்து விட்டு, உள்ள உக்கார வச்சு, எங்கயோ ஜன்னலோரமா கறி வச்சு அவிச்ச மந்திக் கொழுக்கட்டை வாங்கித் தரான், தன் நெஞ்சுல கை வச்சுப் பேசறான். எங்க வீட்டுக்காரர் டாக்ஸிதான் ஓட்டறார் மேடம். நல்ல மனுஷன், குறை சொல்ல மாட்டேன். ஆனா கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல என்னை முன் சீட்டுல உக்கார வச்சு, வா சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்னு சொன்னதில்ல. நாள் பூரா ஓட்டிட்டு வரேன், மறுபடியும் ஓட்டணுமான்னு கேப்பார். அது அவருக்கு நியாயம்தான்.

எரிச்சல் அந்த ஆளால இல்ல. அவ திரும்பி வர்ற விதம். மத்தியானம் ஒரு மணி, ஒண்ணரைக்கு உள்ள வருவா. நான் விடியகாலமே வந்து பால் வாடையில நின்னு நின்னு தலை வலிச்சுக் கிடப்பேன். அவ முகம் இப்பத்தான் கழுவி விட்ட மாதிரி இருக்கும். வெளிக்காத்து அவ கோட்டுலேந்து வரும். அக்கா நான் பாக்கறேன், நீங்க உக்காருங்கன்னு என் கையிலேந்து பாட்டிலை வாங்குவா. அந்தக் கரிசனம் இருக்கு பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல. எங்கயோ வயிறு நெறைய சாப்பிட்டுட்டு வந்தவ, பசியில இருக்கறவளுக்குத் தட்டை நகத்தி வைக்கிற மாதிரி.

ஏப்ரல் ஆரம்பத்துல ஒரு நாள், துணி மாத்தற ரூம்ல அவ கோட்டு ஆணியிலேந்து விழுந்துச்சு. அதோட பையும் விழுந்து, உள்ள இருந்த ஒரு ஃபைல் வெளிய வந்துருச்சு.

விழல மேடம். விழுந்துச்சுன்னு சொல்லத்தான் வாய் வருது. நான்தான் கையை விட்டு எடுத்தேன். லெட்டர் ஏதாவது இருக்கும்னு நினைச்சேன், அந்த மீசைக்காரன் எழுதினது.

பயோடேட்டா இருந்துச்சு. மேல அவ ஃபோட்டோ, தலையை இழுத்துக் கட்டி, கண்ணை நேரா வச்சு. அப்படி ஒரு முகத்தை நான் பாத்ததே இல்ல. ஒரு பக்கம் முழுக்க அவ. புளிப்பு பாக்கறதுக்குப் பழைய முறையை மாத்தி புது முறையை நடைமுறைக்குக் கொண்டு வந்தேன்னு எழுதியிருந்தா. நாங்க ரெண்டு பேரும் பண்ணினது அது. சரி, யோசனை அவளோடது. ஷாயிர்குல் அம்மாகிட்ட வாதாடினதும் அவதான். நான் பாட்டில் கழுவினேன். ஆனா மூணு வாரம் கழுவினேன் மேடம், அந்தத் தாள்ல எங்கயும் நான் இல்ல. கீழ போனா, ஆங்கிலம் படிக்க, எழுத, ஓரளவு பேசத் தெரியும். எப்பக் கத்துக்கிட்டா இவ? பொண்ணோட புத்தகத்தை வச்சு அவகூடவே உக்காந்து படிச்சிருக்கா. ஆறு வருஷம் தினம் எட்டு மணி நேரம் கூட இருந்தவளுக்கு ஆங்கிலம் தெரியும்னு எனக்குத் தெரியாது.

ஆம்பிளையா இருந்திருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன்.

அன்னிக்கு வீட்டுக்குப் போய் நானும் ஒரு தாளை எடுத்து வச்சு உக்காந்தேன். யாருக்கும் அனுப்ப இல்ல, சும்மா, என்ன வருதுன்னு பாக்க. பேரு குல்பாரா. பொறந்த வருஷம். பால் ஃபேக்டரி, பதினேழு வருஷம். அதுக்கு மேல பேனா நகரல. மாமியார் எட்டிப் பாத்துட்டு, என்னம்மா, கடைக்கு என்ன வாங்கணும்னு எழுதறியான்னு கேட்டாங்க. ஆமா அத்தைன்னு சொல்லி, அதுக்குக் கீழயே வெங்காயம், உப்புன்னு எழுதினேன்.

அவகிட்ட நேராக் கேட்டிருக்கலாம் இல்லையா? கேட்டிருக்கணும். கேக்கல. அவளாச் சொல்லட்டும்னு காத்திருந்தேன். தினமும் டீயை ஊத்திக் கொடுத்துட்டு அவ முகத்தைப் பாப்பேன், இப்பச் சொல்லுவா, இப்பச் சொல்லுவான்னு. அவ ஜாம் பாட்டிலைத் தொறந்து, அக்கா இது புதுசு, சாப்பிட்டுப் பாருங்கன்னுவா.

அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு முதல் நாள், சித்தியை மறுபடியும் பாக்கப் போகணும்னு வந்தா. நான் முடியாதுன்னுட்டேன். மாமியாருக்கு உடம்பு முடியல, நானே லீவு போடணும்னு சொன்னேன். மாமியார் கல்லு மாதிரி இருக்காங்க. பெர்மெத் பரவால்லக்கான்னுட்டு வெளிய போனா. கொஞ்ச நேரம் கழிச்சு நான் பின்னாடியே போனேன். மாடிப்படியில சுவத்துப் பக்கம் திரும்பி நின்னு ஃபோன்ல கெஞ்சிக்கிட்டிருந்தா. தயவுசெஞ்சு வியாழக்கிழமை ஆக்கித் தாங்க, நிச்சயமா வந்துடுவேன்னு.

உங்ககிட்டத்தான் பேசினாளா? ஞாபகம் இருக்கா? அவ கடைசி நிமிஷத்துல தேதி மாத்தினதுக்குக் காரணம் நான்தான். அதை அவ கணக்குல வைக்காதீங்க.

வியாழக்கிழமை போயிட்டு வந்தா. பாட்டு முணுமுணுத்துக்கிட்டே வெள்ளைக் கோட்டை மாட்டினா. சித்தி எப்படி இருக்காங்கன்னு கேட்டேன். நல்லாயிட்டாங்கக்கான்னா. வீடு எப்படின்னு கேட்டேன், வேணும்னுதான் கேட்டேன். அதுக்கு அவ சொல்றா, பெரிய ஜன்னல் அக்கா, மலை அப்படியே உள்ள வந்து நிக்கிற மாதிரி தெரியுதுன்னு. நோயாளி வீட்டு ஜன்னலைப் பத்தி இப்படி யாராவது சந்தோஷமாச் சொல்வாங்களா? இந்த ஜன்னல்தான் போல. ஆமா, நல்லாத்தான் இருக்கு.

அப்புறம் காத்துக்கிட்டு இருந்தா. ஒரு வாரம். ரெண்டு வாரம். ஃபோனைக் கவுத்து வைக்க மாட்டா, கோட்டுப் பையில வைக்க மாட்டா, மெஷின் பக்கத்துலயே நிமித்தி வச்சிருப்பா. ஏதாவது சத்தம் வந்தா கையைத் தொடைச்சுட்டு ஓடுவா. பொண்ணு பள்ளிக்கூடத்துலேந்து பேசும், இல்லன்னா கடைக்காரன் விளம்பரம். மூணாவது வாரம் டீ குடிக்கும்போது அவளாவே சொன்னா. எல்லாத்தையும். பல்லு வலி இல்ல, சித்திக்கும் ஒண்ணும் இல்ல, மூணு எடத்துக்குப் போனேன், ரெண்டு எடம் சரியா வரல, மூணாவது எடத்துல சிரிச்சுச் சிரிச்சுப் பேசினாங்க, ஒரு வாரத்துல கூப்பிடறோம்னாங்க, கூப்பிடவே இல்லன்னா. நீங்க கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் சொல்லி, அதுக்கு அவ என்ன பதில் சொன்னான்னு சொல்லி, அக்கா இதுல எது தப்பு, எதைத் தப்பாச் சொன்னேன்னு கேட்டா. மறுநாளும் கேட்டா. நீங்க என்ன கேப்பீங்கன்னு அதனாலதான் எனக்கு மனப்பாடம்.

ஏண்டி என்கிட்ட மறைச்சேன்னு கேட்டேன். கிடைக்கலன்னா உங்க முன்னாடி அசிங்கமா இருக்கும்க்கா, கிடைச்சா உங்களைத் தனியா விட்டுட்டுப் போறேன்னு எப்படிச் சொல்றதுன்னு தெரியலன்னா. சொல்லிட்டு அழுதா. நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். விடுடி, அவங்களுக்குக் கொடுத்து வைக்கலன்னேன். இந்த வாயாலதான் சொன்னேன்.

போன வாரம் உங்க விளம்பரம் மறுபடி வந்துச்சு இல்ல? அதை முதல்ல பாத்தது அவதான். ஃபோனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டினா. அக்கா, அந்த எடம் இன்னும் காலியாத்தான் இருக்கு, எனக்குத்தான் ராசி இல்ல, நீங்க போங்க, அனுபவம் உங்களுக்குத்தான் ஜாஸ்தின்னா. எனக்கு எதுக்குடின்னேன். விடல. எனக்கு எழுத ஒண்ணும் இல்லடி, மூணு வரிதான் வருதுன்னேன். நீங்க நகருங்கன்னு சொல்லி அவளே உக்காந்து எழுதினா.

உங்க கையில இருக்கே, அந்தத் தாள், அது அவ எழுதினது மேடம். பொய் ஒண்ணும் இல்ல அதுல. நான் மறந்து போனதையெல்லாம் அவ ஞாபகம் வச்சிருந்தா. மருந்து கலந்த பாலை ஒரு தடவை வாசலோட நிறுத்தினேன், ஃபேக்டரி மொதலாளியே ஃபோன் பண்ணியும் உள்ள விடல. அதைப் பாருங்க, தேதியோட எழுதியிருக்கா. புளிப்பு சோதனை முறையை மாத்தினதுலயும் என் பேரைப் போட்டிருக்கா. இப்ப இந்த நிமிஷம் லேப்ல தனியாத்தான் நிக்கறா. நான் மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேன்னு ஷாயிர்குல் அம்மாகிட்ட சொல்லியிருப்பா. என்னை விட நல்லாவே பொய் சொல்வா, பழகிட்டா இல்ல.

இந்த வேலையை எடுத்துக்கணும்னுதான் கிளம்பி வந்தேன். அதையும் மறைக்கல. வேன்ல உக்காந்து யோசிச்சதும் அதுதான். எனக்குக் கிடைச்சுட்டா அவகிட்டப் போய்ச் சொல்லும்போது அவ மூஞ்சி எப்படிப் போகும், எனக்குன்னு வரும்போது அவளால தாங்க முடியுமா, அதைப் பாக்கணும்னு இருந்துச்சு. அவ சந்தோஷந்தான் படுவா. அதையும் யோசிச்சேன். அதுதான் இன்னும் எரிஞ்சுது.

பொறாமை போயிடுச்சுன்னு நினைக்காதீங்க. இருக்கு. நீங்க கூட்டிட்டுப் போய் அந்த மெஷினெல்லாம் காட்டினீங்களே, அந்த வெள்ளை மேஜை, அது முன்னாடி அவ நிக்கறதை நினைச்சாலே இப்பவும் எனக்குப் பொறுக்கல. ஆனா அந்தத் தாள்ல கடைசியில ஒரு வரி எழுதியிருக்கா பாருங்க. வேன்ல வரும்போதுதான் அதைப் பாத்தேன். சோதிக்காத எதையும் எழுதாதவர்னு.

அவ தெரிஞ்சேதான் எழுதியிருக்கா. ஜனவரில ஒரு நாள், நல்ல பனி, எனக்குக் காய்ச்சல். கடைசி வண்டிக்குப் பாட்டில் எடுக்காமலே முந்தின நாள் அளவைப் பாத்து எழுதிட்டேன். பதினேழு வருஷத்துல ஒரே ஒரு தடவை. அவ அதைப் பாத்துட்டு, கோட்டைப் போட்டுக்கிட்டு வெளிய போய், வண்டியிலேந்து பால் எடுத்துட்டு வந்து, சோதிச்சு, அளவைத் திருத்தினா. என்கிட்டக்கூட ஒரு வார்த்தை கேக்கல. டீ ஊத்திக் கொடுத்தா.

ஆமா மேடம். சரியாத்தான் நினைக்கறீங்க. உங்களுக்கு ஃபோன்ல சொன்னாங்களே, பெர்மெத்துக்குச் சோதிக்காம அளவை எழுதற பழக்கம் உண்டு, பாத்துக்கோங்கன்னு, அதேதான்.

நீங்க அன்னிக்கு லேப் நம்பருக்குக் கூப்பிட்டிருக்கவே கூடாது, ஒருத்தி ஒளிச்சு மறைச்சு வந்துட்டுப் போறா, அவ எடத்துக்கே கூப்பிட்டுக் கேக்கறதான்னு இத்தனை நாளா உங்க மேலயும் பழியைப் போட்டுப் பாத்தேன். நிக்கல. நீங்க என்ன பண்ணுவீங்க? ரொம்பப் புடிச்சிருக்கு, ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுத்துக்கலாம்னு இருக்கோம்னு சொன்னீங்க. அந்த ரொம்பங்கற வார்த்தையிலதான் எனக்கு என்னமோ ஆச்சு. லேப் தலைமை ஷாயிர்குல் அம்மாவான்னு கேட்டீங்க. அவங்க அன்னிக்கு இவனோவ்கா பக்கம் பண்ணைக்குப் போயிருந்தாங்க. பெர்மெத் சுடுதண்ணி பிடிக்கக் கீழ போயிருந்தா. நான் ஆமான்னேன்.

இல்ல, தண்ணி வேணாம், நான் கிளம்பறேன். அந்தத் தாளை மட்டும் கொடுத்துடுங்க. அன்னிக்கு ஃபோன்ல பேசினது நான்தான்னு அவகிட்ட நானே சொல்லிக்கறேன், இன்னிக்கே சொல்றேன், அது உங்களுக்கு வேணாத தலைவலி. நீங்க லேப் நம்பருக்கே பண்ணுங்க. இப்பக் கூப்பிட்டா அவதான் எடுப்பா.